தார்ப்பாய்க்குள் புகுந்த காற்று

என் அண்ணன் ஓட்டும் லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நான் வேலூரில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன்; மாதனூரை அடுத்த சிற்றூரில் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன். அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். அண்ணி ஷூ கம்பெனியில் தைக்கிறார். மூவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கடைக்குப் போயிருந்தபோது, அண்ணி அவர் விட்டுப்போன கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இத கொஞ்சம் படி பாப்பா" என்றார்.

கம்பெனி ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழு அது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மேனேஜர் அதில் ஒரு பட்டியல் போடுவார்: ஏழு வண்டிகள், ஏழு மைலேஜ் எண்கள், மேலிருந்து கீழாக. முதலிடத்தில் எப்போதும் ஷூ அட்டைப்பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் மூடிய பெட்டி வண்டி. அதன் சுமை இலேசானது. மற்ற ஆறும் ஒரே ஆண்டில் வாங்கிய, ஒரே மாதிரியான பத்துச் சக்கர வண்டிகள். ஆறும் வெட் ப்ளூ ஏற்றுபவை. வெட் ப்ளூ என்பது குரோம் பதனம் முடிந்து, ஈரம் காயாமல், வெளிர்நீல நிறத்தில் இருக்கும் தோல். அந்த ஆறில் ஐந்து வண்டிகள் நான்கு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தன. அண்ணனுடையது மூன்று புள்ளி ஆறு. நான்காவது மாதமாகக் கடைசி இடம்.

பட்டியலுக்குக் கீழே பெட்டி வண்டியின் ஓட்டுநர் எழுதியிருந்தார்: "இன்னா தோஸ்த், டேங்க்ல ஓட்டையா? இல்ல, வழியில யாருக்காச்சும் தாகமா?"

அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் பதினொன்று.

லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தாகத்தின் பொருள் உடனே விளங்கும். வழியில் வண்டியை ஓரங்கட்டி, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி விற்பதைத்தான் அவர் சொன்னார். எனக்கு அண்ணி விளக்கினார். இன்னொன்றையும் சொன்னார்: மேனேஜர் முந்தின நாள் அண்ணனைக் கூப்பிட்டு, இந்த மாதமும் இதே எண் வந்தால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"திருடுனன்னு வாய் விட்டுச் சொல்லல. 'டீசல் எங்கப்பா போவுது?'ன்னு மட்டும் கேட்டாராம். இதுக்கு அது தேவலாம், நேரா சொல்லியிருந்தா இவரும் நேரா சண்ட போட்டிருப்பாரு."

அண்ணன் விற்கவில்லை என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால், மேனேஜரின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விற்கவில்லை என்றால் அது எரிந்துதான் போயிருக்க வேண்டும். மற்ற ஐந்து வண்டிகளில் எரியாத டீசல் இந்த ஒரு வண்டியில் மட்டும் எரிவதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அது என்ன?

பருவத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. நானும் வண்டியில் வருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"பாக்கணும்."

"சினிமாவா ஓடுது அங்க, பாக்கறதுக்கு?"

மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் விடியலில், "ஏறு. வழியில பேசக்கூடாது" என்றார்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருக்கும் ஒரு கிடங்கிலிருந்து வெட் ப்ளூ ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய அன்றாட வேலை. போகும்போது வெறும் வண்டி; வரும்போது முழுச் சுமை. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்:

"இன்னா அண்ணே, புது கிளீனரா?"

"ஆமா. எம்.ஏ. படிச்ச கிளீனர்."

"அப்போ இனிமே வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது செந்தமிழ்லதான் சொல்லுவாங்க."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன்.

வண்டிக்குள் சூரிய ஒளி மறைக்கும் பலகையின் உட்புறத்தில் கம்பெனி ஒரு தாளை ஒட்டியிருந்தது. எரிபொருளைச் சேமிப்பது எப்படி என்று ஓட்டுநர்களுக்கான குறிப்புகள். நான் அதை ஒரு வினாத்தாளைப் போல மடியில் இருந்த குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அண்ணனோடு ஒப்பிட்டேன். அவர் தவறும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் எண்ணம். நேர்மையாகச் சொன்னால், அது அன்று காலையே கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

கிடைக்கவில்லை. வண்டியைக் கிளப்புமுன் ஒவ்வொரு டயராகச் சுற்றிவந்து, சூடேறாத டயரில் காற்றழுத்தம் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு நிற்பது அவரிடம் இல்லவே இல்லை. கிடங்கு வாசலில் வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தால்கூட, நகர்ந்து முடித்ததும் சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சினின் சுற்றுகளைக் காட்டும் முள் பச்சை நிறப் பட்டைக்குள்ளேயே இருந்தது. கியர் மாற்றும் ஒலி கேட்கும். முள் எழுந்து, பச்சையின் மேல் விளிம்பைத் தொடுமுன் அடுத்த கியருக்குத் தாழும். சற்று நேரத்தில் முள்ளைப் பார்க்காமலேயே எஞ்சின் ஒலியைக் கொண்டு அவர் எப்போது மாற்றுவார் என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. ஒரு முறைகூட அவர் எஞ்சினைக் கத்த விடவில்லை.

என்னை வியக்க வைத்தது பிரேக்தான். வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை அவர் அதை ஐந்து முறைதான் தொட்டார், நான் எண்ணினேன். தொலைவில் ஒரு பேருந்து ஓரம் ஒதுங்கக் குறிவிளக்கைப் போட்டதும், நான் அந்தப் பேருந்தையே சரியாகப் பார்க்குமுன், அவர் கால் முடுக்கியிலிருந்து எழுந்திருந்தது. வண்டி தன் வேகத்திலேயே தளர்ந்து போய்ச் சேரும்போது பேருந்து கிளம்பியிருந்தது. மீண்டும் மெல்ல முடுக்கினார்.

பேசக்கூடாது என்ற விதியை மீறி, "எப்பவுமே இப்படியா?" என்று கேட்டேன்.

"பிரேக் அடிச்சா, அதுவரைக்கும் எரிச்ச டீசல ரோட்டுல கொட்டுன மாதிரி. எதுக்குக் கொட்டணும்?"

டீசல் திருடுவதாகப் பேர் வாங்கிய மனிதர் சொன்னது அது. அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. மறக்காது என்று தெரிந்திருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் தாளும் அவரும் வேறுபட்டார்கள். மேம்பாலத்தின் உச்சியைக் கடந்ததும் அவர் கியரை விடுவித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். வண்டி தன் எடையாலேயே கீழே உருண்டது. இறக்கத்தில் நியூட்ரல் போடாதே என்று தாளில் இருந்தது.

"அது பிரேக் புடிக்காம பூடும்னு சேஃப்டிக்குப் போட்டது. டீசலுக்கு நியூட்ரல்தான் நல்லது. எஞ்சின் சும்மா ஓடும், வண்டி தானா போவும்" என்றார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிறு திரை இருந்தது. அந்தக் கணத்தில் எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதை அது காட்டும். அதை அவர் பார்ப்பதே இல்லை. அடுத்த மேம்பாலத்தில் நியூட்ரல் போட்டபோது நான் எட்டிப் பார்த்தேன். சிறிய எண் ஒன்று நின்றது. அதற்கடுத்த மேம்பாலத்தில் கியரை விடுவிக்காமல் காலை மட்டும் எடுக்கச் சொன்னேன். வேண்டாவெறுப்பாக எடுத்தார். திரையில் பூஜ்யம்.

"பூஜ்யம் காட்டுது" என்றேன்.

"மீட்டரு கெட்டுப்போயிருக்கும்."

அடுத்த பாலத்தில் அவரே பார்த்தார். பூஜ்யம். அதற்கடுத்த பாலத்தில் நியூட்ரல், எண். மறுபடி கியர், பூஜ்யம். இறக்கத்தில் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுவதால் டீசல் தேவைப்படாது என்றும், நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்க வேண்டும் என்றும் நாங்கள் இருவருமாகப் பேசிப் பேசி ஊகித்துக்கொண்டோம். பிற்பாடு சர்வீஸ் மெக்கானிக் அதைச் சரி என்றார். பழைய எஞ்சின்களில் அண்ணன் நினைத்தது தவறில்லை, இந்தப் புது எஞ்சின்களில்தான் கதை வேறு என்றும் சொன்னார்.

கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் மகிழ்ந்தேன். அந்த வாரம் முழுவதும் அண்ணன் ஒரு முறைகூட நியூட்ரலில் இறங்கவில்லை. வார முடிவில் வண்டியின் எண் மூன்று புள்ளி ஏழு.

ஆம்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் இறக்கங்கள் அவ்வளவுதான். புள்ளிக்குப் பிறகு ஒன்று ஏறியது. நான்கைத் தாண்ட இன்னும் நான்கு ஏற வேண்டும். மாதம் முடியப் பதினாறு நாட்கள் இருந்தன.

மறு வாரம் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேலூருக்குப் போய், மதியப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் முன்னால் ஒரு பத்துச் சக்கர வண்டி சுமையோடு போய்க்கொண்டிருந்தது. பேருந்து அதை நெருங்கியபோதுதான் அது அண்ணனுடையது என்று பதிவெண்ணைக் கண்டு அறிந்தேன். அதற்குமுன் அந்த வண்டியை நான் ஓடும் நிலையில் வெளியிலிருந்து பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தபோது எல்லாம் எனக்கு முன்னாலேயே இருப்பதாக எண்ணியிருந்தேன்: முள், திரை, கால், சாலை. முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கவே இல்லை; அங்கிருந்து கேட்ட படபடப்பையும் லாரியின் இயல்பான ஓசை என்று விட்டுவிட்டேன்.

சுமையின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் ஊதிப் பெருத்திருந்தது. முன்பக்கம் ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே காற்று உள்ளே புகுந்து, துணியைப் பின்னோக்கி உப்ப வைத்து, கட்டப்படாமல் விடப்பட்ட பின்முனையில் வெளியேறிக்கொண்டிருந்தது. பின்முனை படபடவென்று அடித்தது. பேருந்து முந்திச் செல்ல எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அந்த ஓசை எங்கள் சன்னல்களில் கேட்டது. சற்று நேரத்தில் அதே கம்பெனியின் இன்னொரு வெட் ப்ளூ வண்டியையும் முந்தினோம். அதன் தார்ப்பாய் பெட்டியோடு பெட்டியாக ஒட்டி, கயிறுகள் பள்ளம் பதிக்கக் கட்டப்பட்டிருந்தது. அது அசையவில்லை.

மிதிவண்டியில் தாவணியோ துப்பட்டாவோ காற்றில் விரிந்து பின்னுக்கு இழுத்த அனுபவம் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும். ஒரு துப்பட்டாவே அப்படி இழுக்கும் என்றால், இருபது அடி தார்ப்பாய்?

அண்ணனை அழைத்தேன். வண்டி ஓட்டும்போது அவர் கைப்பேசியை எடுக்க மாட்டார். மாலையில் அவர் குளித்துவிட்டு வரும் வரை காத்திருந்து, தார்ப்பாயை ஏன் தளர்வாகக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தளர்வா இன்னா தளர்வு? அதுதான் கட்டு. தோலுக்குக் காத்து வேணும்."

அவர் விளக்கினார். எட்டு ஆண்டுகள் அவர் இதே கம்பெனிக்குப் பச்சைத் தோல் ஏற்றியவர்; அதாவது உப்புத் தடவிய, முடி நீங்காத தோல். வண்டிக்கு வந்த புதிதில் ஒரு சித்திரை வெயிலில், மழை வரும்போல் இருந்ததென்று தார்ப்பாயை இறுக்கி மூடிக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் பிரித்தபோது அடுக்குகளுக்குள் கைவைக்க முடியாத சூடு. ஒரு தோலை எடுத்து இழுத்தால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. பாதிச் சுமை பாழ். அன்றிலிருந்து முன்பக்கம் ஒரு சாண் திறந்து, பின்முனையைக் கட்டாமல் விடுவது அவர் வழக்கம். பச்சைத் தோல் ஏற்றுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்களாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால்தான் தோல் வேகாமல் வந்து சேரும்.

"சரி. வெட் ப்ளூ வேகுமா?" என்று கேட்டேன்.

அண்ணன் தலை துவட்டுவதை நிறுத்தினார்.

சமையலறையிலிருந்து அண்ணி சொன்னார்: "ப்ளூ ஆனப்புறம் அது எங்க அழுகிப்போவுது? காத்துப் பட்டா காயும். காஞ்சாத்தான் கம்பெனிக்காரனுங்களுக்குப் பேஜாரு."

கம்பெனி பச்சைத் தோல் வாங்குவதை நிறுத்தி, பதனம் முடிந்த தோலை வெளியிலிருந்து வாங்கத் தொடங்கியபோது, அண்ணனைப் பழைய வண்டியிலிருந்து இறக்கிப் புது வண்டியில் ஏற்றினார்கள். மற்ற ஐந்து பேரும் வெளி லாரிகளில் சிமெண்டும் இரும்பும் ஏற்றிவிட்டு வந்து சேர்ந்தவர்கள். இறுக்கிக் கட்டித்தான் பழக்கம். சுமை மாறியதை அண்ணன் அறிவார். ஆனால் அவர் கைகள் அறியவில்லை. பார்த்த மற்றவர்களும், பச்சைத் தோல் ஆளின் கட்டு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அஞ்சு மாசம். அஞ்சு மாசமா காத்த ஏத்திக்கினு வந்திருக்கேன்" என்றார்.

மறுநாள் முதல் அவர் தார்ப்பாயை இறுக்கினார். முன்பக்கத்தை மடித்துச் செருகி, பின்முனையை இரண்டு கயிறுகளால் கட்டினார். முதல் நாளே வண்டி வேறு மாதிரி ஓடுவதாகச் சொன்னார். முடுக்கியை அதே அளவு மிதித்தால் முள் அதிகம் ஏறுகிறது, காலைச் சற்றே தளர்த்த வேண்டியிருக்கிறது என்றார். மாதம் முடிந்ததும் பட்டியல் வந்தது. மாதத்தின் முற்பகுதி பழைய கட்டில் போயிருந்தும், அண்ணனின் எண் மூன்று புள்ளி ஒன்பது. அதற்கடுத்த மாதம் நான்கு புள்ளி இரண்டு. பெட்டி வண்டிக்கு அடுத்த இடம்.

அன்று மாலை வீட்டில் பிரியாணி. அது இலையில் இருக்கும்போதே குழுவில் பெட்டி வண்டிக்காரரின் வரி வந்தது: "ஓட்டைய அடைச்சிட்டான்பா!"

மஞ்சள் முகங்கள் முன்பைவிட அதிகம். அதற்குப் பின் மேனேஜர் அழைத்தார். அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டார். பாராட்டுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பாத்தியா? ஒரு வார்த்த சொன்னேன், எப்டி ஏறிடுச்சு! நான் ஒண்ணும் பேசல. பழசு பழசுதான், விட்டுட்டேன். இனிமே இப்டியே போ."

"பாய், அது தார்ப்பாய்..."

"அரே, எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்பா. நானே கேக்கலியே."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணன் எழுந்து கையைக் கழுவினார்.

எண் உயர்ந்தால் குற்றச்சாட்டு நீங்கும் என்று நான் கருதியிருந்தேன். அது எப்படித் தலைகீழாயிற்று என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. எண் தாழ்ந்திருந்தவரை அது வெறும் சந்தேகம்; மிரட்டிய மறுமாதமே உயர்ந்ததால் அது நிரூபணம். வண்டி தப்பியது. பெயர் போய்விட்டது. அதையும் நான்தான் தேடிக் கொடுத்தேன்.

அது கம்பெனியோடு நிற்கவுமில்லை. பெட்டி வண்டிக்காரரின் மனைவியும் அண்ணியும் ஒரே ஷூ கம்பெனிப் பேருந்தில் போகிறவர்கள். அந்த வாரத்தில் ஒருநாள் அண்ணி வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னார்: "நான் ஏறுனா பேச்ச நிறுத்துறாளுங்க. ஒருத்தி கேக்குறா, 'உங்க வீட்டுக்காரரு இப்போ திருந்திட்டாராமே'ன்னு."

அண்ணன் மறுநாள் காலை கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். மேனேஜர் கணினியின் முன்னால் இருந்தாராம்.

"பாய், நீங்க ஒருநாள் என் வண்டியில வாங்க."

"எதுக்கு?"

"பாதி வழி என் பழைய கட்டு. பாதி வழி புதுக் கட்டு. அதே லோடு, அதே நாளு. ஒவ்வொரு தபாவும் நீங்களே நின்னு டேங்க் ஃபுல் பண்ணுங்க. மூடிக்கு உங்க பூட்டு போடுங்க, சாவிய உங்க பையில வச்சுக்குங்க."

"நீ வேணும்னே பழைய கட்டுல கண்டபடி மிதிச்சின்னா?"

"நீங்கதான் பக்கத்துல இருப்பீங்களே. கால பாருங்க."

மேனேஜர் ஐம்பதைத் தாண்டியவர்; கம்பெனி முதலாளியின் உறவினர்; முப்பது ஆண்டுகளாக வண்டிகளை அனுப்புகிறவர், ஆனால் ஒரு லாரியில் ஏறிப் பயணம் செய்ததில்லை என்று பிறகு அவரே சொன்னார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. நியாய உணர்வாக இருக்கலாம். அவரையும் அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டிருக்கலாம். வண்டிக்குள் அவர் முள்ளைப் பார்த்த விதம் அப்படித்தான் இருந்தது.

நானும் போனேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். நான் குறிப்பேட்டை எடுத்ததும் மேனேஜர் கையை உயர்த்தினார்.

"நீ எழுதாதம்மா. உன் அண்ணனுக்கு நீ எழுதுனா செல்லாது. நான் எழுதறேன்."

அவர் சொன்னது சரி. மூடி வைத்தேன்.

கிடங்கில் சுமை ஏறியதும் அண்ணன் பழைய கட்டைப் போட்டார்: முன்னால் ஒரு சாண் திறப்பு, பின்முனை விடுதலை. வெளியே இருந்த பம்பில் டேங்க் கழுத்துவரை நிரம்பியது. மேனேஜர் ஒரு சிறிய பித்தளைப் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். இருபது கிலோமீட்டர் வரை அவர் அண்ணனின் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பின் பின்னால் கேட்ட ஓசை அவர் கவனத்தை இழுத்தது. பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார்.

"யா அல்லா. இன்னாப்பா இது, பாராசூட்டா?"

"இதுதான் பாய் என் கட்டு."

வாலாஜாவில் அதே எண்ணெய் நிறுவனத்தின் இன்னொரு பம்ப். பூட்டைத் திறந்து, நிரப்பி, மேனேஜர் ரசீதின் பின்புறத்தில் வகுத்தார். இரண்டு புள்ளி ஒன்பது; வெறும் வண்டியாகப் போகும் பாதி இதில் சேராததால் பட்டியல் எண்ணைவிடக் குறைவு. தாளை மடித்தார். அண்ணன் தார்ப்பாயை இறக்கி, மடித்துச் செருகி, கயிற்றைச் சுண்டினார். மறுபக்கம் கயிறு வழுக்கியபோது, யாரும் கேட்காமலே மேனேஜர் அதன் முனையைப் பிடித்து நின்றார். மீண்டும் பூட்டு.

கிளம்பியதும் அவர் சொன்னார்: "ஆம்பூர் பக்கம் போகப் போக மேடு. அதுலயே கம்மியாத்தான் வரும். அப்போ நான் என்ன முடிவு பண்றது?"

"கம்மியா வந்தா என் வண்டிய எடுத்துக்குங்க" என்றார் அண்ணன்.

மேட்டை நாங்கள் இருவரும் எண்ணிப்பார்த்திருக்கவில்லை. வேலூர் தாண்டி, பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி, முள் பச்சைப் பட்டைக்குள்ளேயே ஓடியது. பின்னாலிருந்து ஓசை இல்லை. மேனேஜர் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆம்பூர் பம்பில் அவர் இரண்டு முறை வகுத்தார். முதலில் தாளில், பிறகு கைப்பேசியில். மூன்று புள்ளி ஐந்து.

பம்பின் நிழலில் நின்றுகொண்டு அவர் அண்ணனிடம் கேட்டார்: "இத்தன மாசம் இத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"எனக்கே தெரியாது பாய். நீங்களும் டீசல் எங்க போவுதுன்னுதான் கேட்டீங்க. தார்ப்பாய எப்டி கட்றேன்னு கேக்கல."

மேனேஜர் பூட்டைக் கையில் உருட்டினார். "கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் வருத்தம் தெரிவிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அதைச் செய்யவில்லை. கைப்பேசியை வாய்க்கு அருகில் வைத்து, குழுவுக்கு ஒரு குரல் செய்தி பதிவுசெய்தார். எங்கள் முன்னிலையிலேயே, சற்று உரக்க:

"எல்லாரும் கேளுங்கப்பா. இன்னிக்கு நானே இவன் வண்டியில உக்காந்து வந்தேன். டேங்குக்கு என் பூட்டு. டேங்க்ல ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பச்சத் தோலுக்குக் கட்டுற கட்ட ப்ளூவுக்குக் கட்டியிருக்கான், அவ்ளோதான். மாத்தும்போது சொல்லிக் குடுக்காதது என் தப்பு. இதப் பத்தி இனிமே யாராச்சும் ஜோக் அடிச்சா என்கிட்ட வந்து அடிங்க. போதும்."

அண்ணன் டயர்களைச் சுற்றிவரப் போய்விட்டார். நிற்க வேண்டிய அளவைவிட நீண்ட நேரம் பின் டயருக்கு அருகில் நின்றார்.

சுமையை இறக்கிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். அண்ணன் குரல் செய்தியைப் போட்டார். அண்ணி நின்றபடியே முழுவதும் கேட்டார். குழுவில் பெட்டி வண்டிக்காரர் அதற்குள் கும்பிடும் கைகளை அனுப்பியிருந்தார், அதையும் பார்த்தார்.

"இன்னொரு தபா போடுங்க" என்றார்.

போட்டார்.

"இத என் ஃபோனுக்கு அனுப்புங்க."

"உனக்கு எதுக்கு? அதான் கேட்டுட்டியே."

"எனக்கா?" என்றார் அண்ணி. "பஸ்ல நாப்பது பேரு வர்றாங்க."